எங்கே எரிகிறது

எனக்கு வயிறு எரிகிறது என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. நெஞ்சு எரிகிறது என்று சொல்லியிருக்கலாம். எதுக்களிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கேட்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, புளித்த ஏப்பம் வருகிறது என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அத்தனை சொல்லையும் விட்டுவிட்டு, போயும் போயும் அந்தச் சொல்லைப் பிடித்தேன். அதையும் மைக் முன்னால் நின்றுகொண்டு சொன்னேன்.

என் தொழில் டப்பிங் பேசுவது. சிறுவர் தொடர் ஒன்றில் வரும் ஏழு வயதுப் பொடியனுக்குப் பல வருஷமாக நான்தான் குரல். ஒற்றைச் செருப்பை எங்காவது தொலைத்துவிட்டு, அதைத் தேடிப் போகிற இடத்தில் வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டு வருவான். அவ்வளவுதான் கதை. ஆனாலும் பிள்ளைகள் அவன் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள். அவனைக் கொண்டுவருவது எனக்கு ஒரு வேலையே இல்லை. தோளைக் குறுக்கி, குதிகாலைத் தூக்கி, மைக்கைப் பார்த்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், வந்துவிடுவான்.

அன்றைக்கு வரவில்லை. வாயைத் திறந்தால் பொடியனுக்குப் பதிலாகப் பொடியனின் தாத்தா பேசினார். செருமினேன், தண்ணீர் குடித்தேன், மறுபடியும் செருமினேன். தொண்டையில் மீன்முள் மாட்டியது போல ஒரு உறுத்தல். விழுங்கினாலும் போகவில்லை, காறினாலும் வரவில்லை. இயக்குநர் என்னைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர். "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றார். புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டார். ஒடிசலாக, எந்நேரமும் துறுதுறுவென்று இருப்பாள். எல்லோருக்கும் அவள் சிட்டு. "சும்மா ரெண்டு வரி பேசிப் பாரும்மா" என்றார். எங்கள் தொழிலில் சும்மா என்று எதுவும் கிடையாது.

அவள் பேசினாள். கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களின் முகம் மலர்வதை நான் ஓரமாக நின்று பார்த்தேன். அவள் வெளியே வந்ததும் என் கைப்பையை எடுக்க உள்ளே போனேன். போன் அடித்தது. என் வீட்டுக்காரர்.

"சாப்ட்டியா? எப்படி இருக்கு இப்போ?"

"என்னத்த சொல்றது? வயிறு எரியுதுங்க. பத்திக்கிட்டு எரியுது. தாங்க முடியல."

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. இயக்குநர் காகிதத்தைப் பார்த்தார். சிட்டு தரையைப் பார்த்தாள். ஒலிப்பதிவாளர் மட்டும் மெதுவாகக் கையை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கினார். அந்தக் கை கொஞ்சம் முன்னாலேயே நீண்டிருக்கக் கூடாதா!

சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. அக்காவுக்கு ஒரே வயிற்றெரிச்சலாம். மைக்கிலேயே சொல்லிவிட்டாளாம். வாசல் காவலாளி வரைக்கும் என்னைப் பார்த்து ஒரு தினுசாகச் சிரித்தார். மறுநாள் சிட்டு என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, எம்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லடி. எனக்கு நிஜமாவே வயிறு எரியுது."

"அதான்க்கா நானும் கேக்கறேன்" என்றாள், கண் கலங்கி.

இதற்கு மேல் என்ன சொல்வது? எரிவது வயிறுதான், நீ இல்லை என்று விளக்கப் போனால் அது இன்னும் விபரீதமாகத்தான் முடியும். உண்மையைச் சொன்னால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. உள்ளே ஏதோ எரிந்தது. அதில் எது அமிலம், எது ஆத்திரம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு வகை தெரியவில்லை.

இயக்குநர் நல்லவர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குரலைச் சரி பண்ணிக்கிட்டு வாங்கக்கா. வந்ததும் பையன் உங்களுக்குத்தான். அதுவரைக்கும் அவ பேசட்டும்" என்றார். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு நான் நடமாடினேன். தொண்டை சரியானால் பையன் எனக்கு. சரியாகாவிட்டால் அவளுக்கு. வேறு எதுவும் என் புத்தியில் ஏறவில்லை.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். திரையில் என் தொண்டையைப் பார்த்துவிட்டு, பழுதான இயந்திர அறைக்குள் நுழைந்தவர் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பாருங்க, எவ்வளவு செவந்து வீங்கியிருக்கு" என்றார் டாக்டர். "வயித்துல இருக்கற அமிலம் மேல வந்து குரல் நாண்ல படுது. உணவுக்குழாய்க்குக் கீழ ஒரு கதவு மாதிரி இருக்கும். அது சரியா மூடல."

என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "கதவு பாதி மூடித் திறந்துக்குதா டாக்டர், இல்ல மூடவே மாட்டேங்குதா?"

டாக்டரிடம் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். "அப்பப்போ நெகிழ்ந்துக்குது" என்றார்.

"அது எங்க வேலையில அடிக்கடி வர்றதுதான்" என்று இவர் டாக்டருக்கே தைரியம் சொன்னார்.

டாக்டர் என்னிடம் திரும்பினார். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும். காபி கூடாது, காரம் கூடாது, பொரித்தது கூடாது. காற்றை விழுங்கி அவசரமாகச் சாப்பிடக் கூடாது, சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது. "முக்கியமா செருமாதீங்க. செரும வந்தா ஒரு மடக்குத் தண்ணி குடிங்க. செரும செரும வீக்கம்தான் ஜாஸ்தியாகும்." பிறகு என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். "அது என்ன?"

"புதினா மிட்டாய் டாக்டர். தொண்டைக்கு."

"அதைத் தூக்கிப் போடுங்க. புதினா அந்தக் கதவை இன்னும் தளர்த்தி விட்டுடும்."

டப்பிங் பேசுகிறவர்கள் எல்லோருடைய பையிலும் அந்த டப்பா இருக்கும். பேசுவதற்கு முன் ஒன்று, பேசி முடித்ததும் ஒன்று, தொண்டை கரகரத்தால் இரண்டு. மேலே ஆவி பறக்க ஒரு காபி. குரலைக் காப்பாற்றுகிறேன் என்று இத்தனை வருஷமாக நானே உட்கார்ந்து அடுப்பை விசிறிவிட்டிருக்கிறேன். அன்றைக்கு வீடு திரும்புகிற வழியெல்லாம் எனக்கு என்மேலேயே அப்படி ஒரு எரிச்சல்.

"பயப்படாத" என்றார் இவர், பஸ்ஸில். "கதவுக் கோளாறுதான்னா மோட்டார் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்ததும் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகளைச் செருகினார். ரசமட்டம் வைத்துச் சாய்வை அளந்து பார்த்தார். தொழில் சுத்தம்! விடிந்து பார்த்தால் நான், அவர், எங்கள் நடுவில் வந்து படுத்துக்கொண்ட மகள், மூன்று பேரும் கால்மாட்டில் மூட்டை போலக் குவிந்து கிடந்தோம். மகள் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிக்கொண்டாள். எனக்குச் சிரிக்கக்கூட முடியவில்லை, சிரித்தால் புளிப்பு மேலே வந்தது.

நாத்தனாருக்குச் செய்தி போனது. தினம் ஒரு போன். முதலில் குளிர்ந்த பால் குடிக்கச் சொன்னாள். அப்புறம் பால் கூடவே கூடாது, தேன் சாப்பிடு என்றாள். அப்புறம் யாரோ சொன்னார்களாம், தேனும் கூடாதாம். "நீ சொல்றதையெல்லாம் கேட்டா நான் காத்தைக் குடிச்சுத்தான் உசிர் வாழணும்" என்றேன். "காத்தும் நிறைய முழுங்காத, ஏப்பம் வரும்" என்றாள். அவள் சொன்னதில் அது ஒன்றுதான் டாக்டர் சொன்னதோடு ஒத்துப்போனது.

உட்கார்ந்தால் நெஞ்சை அடைத்தது. படுத்தால் தொண்டைக்கு வந்தது. ஆகவே நடந்தேன். சாப்பிட்டுவிட்டு நடந்தேன், சாப்பிடுவதற்கு முன்னாலும் நடந்தேன். சமையலறையிலிருந்து வாசல் கதவு, வாசல் கதவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து மறுபடி சமையலறை. கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே ஏறி வந்து, "உங்க வீட்ல யாருங்க தேர் இழுக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். ஒரு இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். செருமல் தொண்டை வரைக்கும் வரும், ஒரு மடக்கு விட்டு அதைக் கீழே அனுப்புவேன், திரும்பி வரும், திரும்ப அனுப்புவேன். பாத்திரம் தேய்க்கும்போது, மகளுக்குத் தலை பின்னும்போது, யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது என்று நாள் முழுக்க இதே வேலை. பேச்சை விட விழுங்குவதே அதிகமாயிற்று.

ஒருநாள் மகள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பொடியன் செருப்பைத் தேடிக் கிணற்றில் எட்டிப் பார்க்கிறான்.

"அம்மா, இன்னிக்கு அவன் செம காமெடிம்மா!"

அது சிட்டு பேசியது. என் வயிற்றில் பிறந்த பெண்ணுக்கு அது நான் இல்லை என்று தெரியவில்லை. சிரித்துவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "உன்னோடது இன்னும் காமெடியா இருக்கும்மா" என்று அவசரமாகச் சேர்த்தாள். நான் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு நடந்தேன்.

இதற்கிடையில் இயக்குநர் என்னைச் சும்மா விடவில்லை. தொடரில் புதிதாக ஒரு தவளை ராணி வந்தாள். "இந்தக் கரகரப்பு அப்படியே வேணும்க்கா. நடிச்சா வராது, இப்படித் தானா வரணும்" என்றார். போனேன். இரண்டு வரி பேசியதும் கண்ணாடிக்குப் பின்னால் கைதட்டினார்கள். பல வருஷம் பொடியனுக்காக உயிரைக் கொடுத்துப் பேசியபோது யாரும் கைதட்டியதில்லை. தொண்டை வெந்துபோய்த் தவளையாகக் கத்தினால் கைதட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் இருந்தேன். வீட்டில் அதைக் குரலுக்கு ஓய்வு என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் விடவில்லை. என் பிடிவாதம் என் வீட்டுக்காரருக்குத் தெரியும். காபியின் வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உப்பு மட்டும் போட்டு வேகவைத்த காயைத் தின்றேன். எல்லோரும் விருந்தில் உட்கார்ந்தபோது வாழைப்பழத்தோடு வாசலில் நின்றேன். சாமி கும்பிட மறந்தாலும் மறந்தேன், அந்த மாத்திரையை மறக்கவில்லை.

மெல்ல மெல்லக் குறைந்தது. முதலில் வாயில் அந்தப் புளிப்பு போனது. அப்புறம் நெஞ்சு. கடைசியில் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ ஒன்று குறைகிறதே என்று பட்டது. மீன்முள்ளைக் காணவில்லை. விழுங்கிப் பார்த்தேன். மறுபடி விழுங்கிப் பார்த்தேன். வழவழவென்று போனது. மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குரல் தெளிவாக, மணியாக, அடுத்த அறை வரைக்கும் போனது. அவர் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக ஓடி வந்தார்.

டாக்டரும் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "நாண் ரெண்டும் சுத்தமா வெள்ளையா இருக்கு" என்றார்.

"பையன் வந்துருவானா டாக்டர்?"

"எந்தப் பையன்?"

சொன்னேன். அவர் சிரித்தார். "அது எனக்குத் தெரியாதும்மா. தொண்டை நல்லாயிடுச்சு, அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்." அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொண்டை நல்லாயிடுச்சு என்பதோடு என் காது மூடிக்கொண்டது.

நேராக ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனேன். இயக்குநர் சொன்ன சொல் தவறவில்லை. "வாங்கக்கா, இப்பவே ஒண்ணு பேசிப் பாத்துடலாம்" என்றார். சிட்டு அங்கேதான் இருந்தாள். எழுந்து எனக்கு வழி விட்டாள். அவள் முகம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்துக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒலிப்பதிவாளரை நாங்கள் காதண்ணா என்றுதான் கூப்பிடுவோம். உள்ளே பேசுகிறவரின் வயிறு உருண்டால் வெளியே அவருக்குக் கேட்டுவிடும். "உங்க வயிறு பேசுது, அதுக்கு இந்தக் காட்சியில வசனம் இல்ல" என்பார். அவர் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைக் காட்டினார். நான் தோளைக் குறுக்கினேன். குதிகாலைத் தூக்கினேன். திரையில் பொடியன் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு மலையேறினான்.

"ஏய், யாராவது என் செருப்பைப் பாத்தீங்களா?"

ஒரு உறுத்தல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. தண்ணீர் போல ஓடி வந்தது. இந்த ஒரு வரிக்காக நான் பட்ட பாடெல்லாம் நினைவுக்கு வந்து கண்ணே நிறைந்துவிட்டது.

கண்ணாடிக்கு அப்பால் தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு இயக்குநர், "நல்லா இருக்குக்கா" என்றார். நல்லா என்பதைக் கொஞ்சம் நீட்டினார்.

"இன்னொண்ணு பேசறேன்."

இன்னொன்று பேசினேன். அதற்குப் பிறகு இன்னொன்று. "போட்டுக் காட்டுங்க காதண்ணா" என்றேன். அவர் இயக்குநரைப் பார்த்தார். "போடுங்கண்ணா" என்றேன் மறுபடியும்.

போட்டார். படம் ஓடியது. ஏழு வயதுப் பையன் வாயைத் திறந்தான். உள்ளேயிருந்து ஒரு நடுவயதுப் பொம்பளை கொஞ்சிக்கொண்டு பேசினாள்.

நல்ல குரல்தான். சுத்தமான குரல். ஆனால் அதில் பையன் இல்லை. மறுபடியும் போடச் சொன்னேன். மறுபடியும் அதே பொம்பளை.

"எங்கயாவது கரகரப்பு இருக்காண்ணா?"

"இல்லம்மா. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"அப்புறம் என்ன?"

அவர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு எப்போது தெரிந்தது என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. என் வயிறு உருளுவது கேட்கிற ஆளுக்கு என் வயது கேட்டிருக்காதா? போன வருஷமே கேட்டிருக்கும். அதற்கு முந்தின வருஷமே கேட்டிருக்கும். எனக்கு மனசு நோகுமே என்று எதையோ திருகிச் சமாளித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

சிட்டு முன்னால் வந்தாள். "அக்கா, நீங்க ரொம்ப நாள் கழிச்சு வந்துருக்கீங்க, அதான். மைக்கும் கொஞ்சம் தள்ளி வச்சிருக்காங்க. இன்னும் ரெண்டு நாள் பேசினா..." என்று எனக்காக ஒவ்வொரு சாக்காகத் தேடித் தேடிக் கொடுத்தாள். பையனைத் திருப்பி வாங்க வந்தவள் நான். எனக்குப் போய் அவள் சாக்குத் தேடினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மைக் சரியாத்தான் இருக்கு" என்றேன். "பையன் உங்கிட்டயே இருக்கட்டும்."

இயக்குநர் விட்ட மூச்சு ஒலிபெருக்கி வழியாக எனக்குக் கேட்டது. "தவளை ராணி என்னைக்கும் உங்களதுதான்க்கா" என்றார், பிறகு தயங்கினார். "ஆனா குரல் தெளிஞ்சிருச்சே..."

"கரகரன்னு பேச எனக்குத் தெரியாதா? நடிக்கிறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்தும் உட்காரவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை. சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து ஜன்னல். எரிந்தவரைக்கும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தப் பாழாய்ப்போன அமிலம்தான் பையனை விரட்டிவிட்டது, இதை ஒழித்துக்கட்டினால் அவன் வந்துவிடுவான் என்று நினைத்தேன். ஒழித்தும் விட்டேன். அவன் போனதற்கும் அமிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு வயதாகிவிட்டது. அதற்கு மாத்திரை கிடையாது.

அவர் வேலை முடிந்து வந்தபோது நான் ஜன்னல் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன். அவர் கிரீஸ் கையைக்கூடக் கழுவவில்லை. ஓடிப்போய், எரிச்சல் வந்தால் குடிக்க டாக்டர் கொடுத்திருந்த ரோஸ் நிற மருந்து பாட்டிலை எடுத்து வந்து, மூடியைப் பல்லால் திருகி, கரண்டியில் ஊற்றினார்.

"மறுபடியும் வந்துருச்சா? எங்க எரியுது? நெஞ்சுலயா? தொண்டையிலயா?"

"எங்கயும் எரியலைங்க."

"அப்புறம் எதுக்கு அழற?"

"எங்கயும் எரியல" என்றேன். "ஒரு இடத்துலகூட எரியல. தொண்டை நல்லாத்தான் இருக்கு."

அவர் ஒன்றும் புரியாமல், ஊற்றிய மருந்து கொட்டிவிடக் கூடாதே என்று கரண்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.